ஸ்பானிய வினைச்சொல் பிசகும்போது: டெல்லித் தமிழர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

டெல்லியில் ஸ்பானியம் கற்கும் தமிழர்களில் சிலர் கன்னாட் பிளேஸை ஒட்டிய ஹனுமான் சாலையில் உள்ள, ஸ்பெயின் அரசின் மொழிப் பண்பாட்டு மையமான செர்வாந்தெஸ் நிலையத்தில் 'தெலே' என்னும் ஸ்பானிய மொழித்திறன் தேர்வுக்காகப் படிக்கிறார்கள். சிலர் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகப் பயில்கிறார்கள். மற்றும் சிலர் குருகிராம் அலுவலகங்களில் மெக்சிகோ, கொலம்பியா வாடிக்கையாளர்களுடன் பேசவேண்டிய கட்டாயத்தால் கற்றுக்கொள்கிறார்கள். நோக்கம் எதுவானாலும் பிழைகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. மனத்தில் தமிழில் எழும் வாக்கியம், ஆங்கிலத்தில் ஒருமுறை உடைமாற்றிக்கொண்டுதான் ஸ்பானியத்துக்குள் நுழைகிறது. 'கெட்', 'டேக்', 'ஆஸ்க்', 'நோ' (தெரியும் என்னும் பொருளில்) போன்ற அன்றாட ஆங்கில வினைகள் ஒவ்வொன்றும் பத்துப் பொருளைச் சுமப்பவை. ஸ்பானியம் அந்தச் சுமையை வேறு விதமாகப் பிரித்து வைத்திருக்கிறது.

ஆகவே வாக்கியம் பிசகினால் முதலில் அதைத் தமிழில் இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். தமிழ் கைகொடுக்காத இடத்தில் கடைத்தெருவில் பழகிய இந்தியைக் கேளுங்கள். இரண்டும் தவறும் இடங்கள் சில உண்டு. அவற்றை மட்டும் தனியே மனப்பாடம் செய்தால் போதும். கீழே அறிகுறிகள் இந்த நோக்கில் அமைந்துள்ளன. ஸ்பானியச் சொற்களை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அம்மொழியின் 'வி', 'பி' என்னும் இரண்டு எழுத்துகளுக்கும் ஒலி ஒன்றே என்பதால் இரண்டையும் பகரத்தால் எழுதியிருக்கிறேன். உச்சரிப்பு லத்தீன் அமெரிக்க வழக்கு.

அறிகுறி: "யோ குஸ்தோ காஃபே" என்றதும் எதிரில் இருப்பவர் குழம்புகிறார்

'ஐ லைக் காபி' என்ற ஆங்கிலத்தை அப்படியே நகலெடுத்ததன் விளைவு இது. 'குஸ்தார்' என்ற வினைக்கு எழுவாய் காபிதான். பிடித்தவர் 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமையில் நிற்பார். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்று பிறந்தநாள் முதல் சொல்லிவரும் நமக்கு 'மே குஸ்தா எல் காஃபே' புதிதே அன்று. ஆங்கிலேயருக்கு ஒரு மாதப் பாடமாக இருப்பது நமக்கு ஐந்து நிமிட வேலை. கவனிக்க வேண்டியது பன்மையை மட்டுமே: தமிழில் ஓர் இட்லியானாலும் பத்து இட்லியானாலும் 'பிடிக்கும்' மாறாது, ஸ்பானியத்தில் 'மே குஸ்தான் லோஸ் இட்லிஸ்' என்று வினை பன்மையாகும். 'அம்மாவுக்குப் பிடிக்கும்' என்பதற்கு, பெயரைச் சொன்னாலும் 'லே' என்ற சிறுசொல்லை விடாமல் 'ஆ மி மாத்ரே லே குஸ்தா' என்று சொல்ல வேண்டும்.

இதே அச்சில் பல வினைகள் உள்ளன. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பது 'மே துவேலே லா கபேஸா'. 'எனக்கு நூறு ரூபாய் குறைகிறது' என்பது 'மே ஃபால்தான் சியென் ரூபியாஸ்'. இவற்றை ஆங்கிலம் வழியாகச் சொல்லப் போனால் 'நான் ஒரு தலைவலியை வைத்திருக்கிறேன்' என்பதுபோல் சுற்றிப் போக நேரும்.

அறிகுறி: மே மாதத்தில் "எஸ்தோய் கலியெந்தே" என்றீர்கள், கேட்டவர் சிரிப்பை அடக்கினார்

நீங்கள் சொன்னது உடல் வேட்கையைக் குறிக்கும் தொடர். 'ஐ ஆம் ஹாட்' என்பதன் 'ஆம்' உங்களை இங்கே கொண்டுவந்து விட்டது. ஸ்பானியம் வெப்பத்தை மூன்றாகப் பிரிக்கிறது: வெயில் கொளுத்தினால் 'ஆஸே கலோர்', எனக்குப் புழுங்கினால் 'தெங்கோ கலோர்', காபியோ இரும்புக் கட்டிலோ சூடாக இருந்தால் 'எஸ்தா கலியெந்தே'. பசி, தாகம், தூக்கம், பயம் ஆகியவை எல்லாம் 'தெங்கோ' வகை. 'எனக்குப் பசிக்கிறது' என்பதைக் கண்டு 'மே' போட்டுவிடாதீர்கள்; இங்கே தமிழின் 'எனக்கு' ஸ்பானியத்தில் 'என்னிடம் உள்ளது' என்றாகி 'தெங்கோ ஆம்ப்ரே' என வரும். வயதும் அப்படியே: 'எனக்கு முப்பது வயது' என்பது 'தெங்கோ த்ரெயின்தா ஆன்யோஸ்'.

'எனக்கு' என்பது எப்போது 'மே', எப்போது 'தெங்கோ' என்று அறிய ஒரு சிறு சோதனை உண்டு. பிடித்த பொருள், வலிக்கும் உறுப்பு, குறையும் பணம் என்று எழுவாயாக நிற்க ஒன்று தனியே இருந்தால் 'மே'. உணர்வைத் தவிர வேறொன்றும் இல்லாவிட்டால் 'தெங்கோ'.

அறிகுறி: 'சேர்', 'எஸ்தார்' இரண்டும் ஒவ்வொரு வாக்கியத்திலும் இடம் மாறி விழுகின்றன

ஆங்கிலத்தின் 'பீ' என்ற ஒரே வினைக்கு ஸ்பானியத்தில் 'சேர்' ('எஸ்' என வரும்), 'எஸ்தார்' ('எஸ்தா' என வரும்) என இரண்டு உண்டு. நிரந்தரமானதற்கு 'சேர்', தற்காலிகமானதற்கு 'எஸ்தார்' என்ற விதியை முதல் வாரத்தில் கற்பிக்கிறார்கள். அந்த விதியை மறந்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. இறந்தவரை 'எஸ்தா முவேர்தோ' என்கிறார்கள். மரணத்தைவிட நிரந்தரமானது என்ன இருக்கிறது? மாட்ரிட் நகரம் ஸ்பெயினில்தான் எப்போதும் இருக்கிறது, அதற்கும் 'எஸ்தா'தான்.

தமிழ் வாக்கியத்தை வைத்துச் சோதித்தால் விதி தெளிவாகும். 'நான் ஆசிரியை' என்று வினையே இல்லாமல் சொல்ல முடிந்தாலோ, 'பெரியது', 'நல்லவர்', 'சலிப்பூட்டுபவர்' என்று அது, அவர் ஈற்றில் முடிப்பது இயல்பாக ஒலித்தாலோ அது 'சேர்'. 'வீட்டில் இருக்கிறேன்', 'சூடாக இருக்கிறது', 'சலிப்பாக இருக்கிறார்' என்று 'இரு' இல்லாமல் வாக்கியம் நிற்காவிட்டால் அது 'எஸ்தார்'. 'எஸ் அபுர்ரீதோ' என்றால் ஆள் சலிப்பூட்டுபவர். 'எஸ்தா அபுர்ரீதோ' என்றால் அவருக்குச் சலிப்பாக இருக்கிறது. 'வீடு பெரிதாக இருக்கிறது' என்று நாம் சொன்னாலும் 'வீடு பெரியது' என்று மாற்றிச் சொல்ல இயல்வதால் 'லா காஸா எஸ் க்ராந்தே' என்பதே சரி.

இச்சோதனைக்குத் தப்பும் இடம் ஒன்று உண்டு. அலுவலகம் நேரு பிளேஸில் இருக்கிறது என்றால் 'எஸ்தா'; கூட்டம் இரண்டாம் மாடியில் என்றால் 'லா ரெயுனியோன் எஸ் என் எல் செகுந்தோ பீஸோ'. 'நடக்கிறது' என்ற சொல்லைப் பொருத்த முடிந்தால், இடத்தைச் சொல்லும்போதும் 'சேர்'தான். 'பால் இருக்கிறதா?' என்று கடையில் கேட்பது இரண்டிலும் சேராது. அதற்கு 'ஆய் லேச்சே?' என்ற தனி வடிவம் உண்டு.

அறிகுறி: அகராதியில் 'கெட்' என்று தேடி, முதலில் கண்ட சொல்லை எல்லா இடத்திலும் பயன்படுத்துகிறீர்கள்

'கெட்' என்ற சொல்லை அகராதியில் தேடாமல் இருப்பதே மருந்து. வாக்கியத்தைத் தமிழாக்கினால் அது தானே பிரிந்துவிடும். வீடு வந்து சேர்ந்தேன் என்பது 'யெகே ஆ காஸா'. வேலை கிடைத்தது என்பது 'கொன்ஸெகீ த்ரபாஹோ'. பார்சல் வந்தது என்பது 'மே யெகோ உன் பகேதே'. புரிந்தது என்பது 'எந்தெந்தீ'. கரோல் பாகில் இறங்கினேன் என்பது 'மே பஹே என் கரோல் பாக்'. கோபம் வந்தது என்பதை மெக்சிகோவில் 'மே எனோஹே' என்றும் ஸ்பெயினில் 'மே என்ஃபாதே' என்றும் சொல்வார்கள். களைத்துப்போனேன் என்பது 'மே கன்ஸே'.

'மிஸ்' என்பதற்கும் இதுவே வழி. ரயிலைத் தவறவிட்டால் 'பெர்தேர்'. ஊர் நினைவு வாட்டினால் லத்தீன் அமெரிக்காவில் 'எக்ஸ்த்ரன்யார்', ஸ்பெயினில் 'எச்சார் தே மேனோஸ்'.

அறிகுறி: 'மே', 'ஸே' எங்கே சேர்ப்பது, எங்கே விடுவது என்று தெரியவில்லை

மேலே இறங்கியதிலும் களைத்ததிலும் 'மே' வந்ததைக் கவனித்திருப்பீர்கள். பாடநூல்கள் இதைத் 'தன்னைத் தானே' என்ற பொருளில் விளக்குகின்றன. ஆங்கிலத்தில் இதற்கு நேரான கருவி இல்லாததால் அந்த விளக்கம் மேலும் குழப்புகிறது. நமக்கோ இரண்டு துணைவினைகள் கையில் உள்ளன: 'கொள்', 'விடு'. இந்த ஒரு பகுதியில் தமிழ் தரும் உதவியை வேறெந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செயலின் பலன் செய்தவரிடமே வந்து நிற்கும்போது நாம் 'கொள்' சேர்க்கிறோம். கையைக் கழுவிக்கொண்டேன்: 'மே லபே லாஸ் மானோஸ்'. சட்டையைப் போட்டுக்கொண்டேன்: 'மே பூஸே லா கமீஸா'. சட்டையை மேசைமேல் வைத்தேன் என்றால் 'கொள்' இல்லை, 'மே'யும் இல்லை: 'பூஸே லா கமீஸா என் லா மேஸா'. (நம் 'மேசை' போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல், ஸ்பானிய 'மேஸா' அதன் உடன்பிறப்பு.) முடி வெட்டிக்கொண்டேன் என்பதை, கத்தரி பிடித்தது முடிதிருத்துபவராக இருந்தாலும், நாம் சொல்வதுபோலவே அவர்களும் 'மே கோர்தே எல் பேலோ' என்கிறார்கள்.

செயல் நிலைமாறி முடிந்துவிட்டதைச் சொல்லும்போது 'விடு' சேர்க்கிறோம். குழந்தை எட்டு மணி நேரம் தூங்கியது என்றால் 'துர்மியோ ஓச்சோ ஓராஸ்'. குழந்தை தூங்கிவிட்டது என்றால் 'ஸே துர்மியோ'. ஆக்ராவுக்குப் போனேன் என்பது 'ஃபூய் ஆ ஆக்ரா'; போய்விட்டேன் என்பது 'மே ஃபூய்'. சோறு முழுவதையும் சாப்பிட்டுவிட்டான் என்பது 'ஸே கொமியோ தோதோ எல் அர்ரோஸ்'. இதில் 'ஸே' இல்லாமலும் வாக்கியம் இலக்கணப்படி நிற்கும். ஆனால் முழுவதையும் காலி செய்தான் என்ற அழுத்தம் போய்விடும்.

மூன்றாவதாக, உடைந்தது, உடைத்தேன் என்று நாம் வினையின் உருவையே மாற்றிச் சொல்லும் வேறுபாட்டை ஸ்பானியம் 'ஸே' கொண்டு காட்டுகிறது. கண்ணாடி டம்ளரை நான் உடைத்தேன் என்பது 'ரொம்பீ எல் பாஸோ'. டம்ளர் உடைந்தது என்பது 'ஸே ரொம்பியோ எல் பாஸோ'. கைதவறி விழுந்துவிட்டது என்று பழியிலிருந்து சற்றே விலகி நிற்க விரும்பினால் 'ஸே மே கயோ' என்று சொல்லலாம்; எனக்கு மறந்துவிட்டது என்பதற்கு 'ஸே மே ஒல்பிதோ'. 'நான் மறந்தேன்', 'எனக்கு மறந்துவிட்டது' ஆகிய இரண்டுக்கும் இடையே உள்ள நயம் இரு மொழிகளிலும் ஒன்றே. மேலாளரிடம் பேசும்போது இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும் சாமர்த்தியமும் ஒன்றே.

இந்தப் பொருத்தம் முழுமையானதன்று. கற்றுக்கொண்டேன் ('அப்ரெந்தீ'), ஒப்புக்கொண்டேன் ('அஸெப்தே') ஆகியவற்றில் 'கொள்' இருந்தும் 'மே' வராது. குறைசொல்வதைக் குறிக்கும் 'கெஹார்ஸே' என்ற வினைக்கு 'கொள்' இல்லாதபோதும் 'ஸே' கட்டாயம். ஐயம் எழுந்தால் ஸ்பானிய அரசக் கழகத்தின் அகராதியைப் பாருங்கள். 1713இல் தொடங்கப்பட்ட அக்கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் வினையின் எந்தப் பொருளுக்கு 'ஸே' தேவையோ அந்தப் பொருளின் முன் 'ப்ரொனொமினால்' என்பதன் சுருக்கக் குறி போடப்பட்டிருக்கும்.

அறிகுறி: காபி கொண்டுவரச் சொன்னால், காபியிடம் கேள்வி கேட்டதுபோல் ஆகிவிடுகிறது

'ப்ரெகுந்தே உன் காஃபே' என்று சொல்லியிருப்பீர்கள். 'ஆஸ்க்' இங்கே தவறு செய்தது உண்மைதான். ஆனால் தமிழும் குற்றவாளியே. நம் 'கேள்' வினவுவதையும் வேண்டுவதையும் செவியால் உணர்வதையும் ஒன்றாகச் சுமக்கிறது. இங்கே இந்தியைக் கூப்பிடுங்கள். 'பூச்னா' வரும் இடத்தில் 'ப்ரெகுந்தார்', 'மாங்க்னா' வரும் இடத்தில் 'பெதீர்': காபிக்கு 'பெதீ உன் காஃபே'. 'ஒரு கேள்வி கேட்டேன்' என்பதற்கு இந்தியின் 'சவால் கர்னா' போலவே செய்தல் வினையைச் சேர்த்து 'ஆஸேர் உனா ப்ரெகுந்தா' என்பார்கள். பாட்டைக் கேட்பதற்கு 'எஸ்குச்சார்'. சத்தம் காதில் விழுவதற்கு 'ஒயீர்'.

'தெரியும்' என்பதும் இத்தகையதே. தகவலும் திறனும் என்றால் 'சபேர்'. ஆளோடும் இடத்தோடும் பழக்கம் என்றால் 'கொனோஸேர்'. சாந்தினி சௌக் எங்கே இருக்கிறது என்று தெரியும் என்றால் முதலாவது. சாந்தினி சௌக்கின் சந்துகள் எனக்குத் தெரியும், அங்கே சுற்றியிருக்கிறேன் என்றால் இரண்டாவது. நீந்தத் தெரியும் என்பதில் மட்டும் தமிழ் உங்களைக் காப்பாற்றுகிறது: ஆங்கிலத்தின் 'கேன்' வழியே போனவர்கள் 'புவேதோ' என்று தொடங்குவார்கள், சரியான வடிவம் 'ஸே நதார்' (இந்த 'ஸே' மேலே கண்ட சிறுசொல் அன்று, 'சபேர்' வினையின் 'எனக்குத் தெரியும்' வடிவம்).

அறிகுறி: "இதோ வருகிறேன்" என்று நீங்கள் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை

தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் ஒருசேரக் கைவிடும் இடம் இது. யாரேனும் அழைத்தால் நாம் கேட்பவரின் இடத்தில் நம்மை வைத்து 'வருகிறேன்' என்கிறோம். ஸ்பானியம் பேசுபவர் தம் இடத்தை விட்டு நகர்வதில்லை; பேசும் இடத்தை நோக்கி நடப்பது மட்டுமே 'பெனீர்'; அங்கிருந்து விலகுவதெல்லாம் 'ஈர்'. ஆகவே கதவு தட்டப்பட்டால் 'யா போய்!' என்று பதில் சொல்ல வேண்டும். 'நான் போகிறேன்' என்பதற்கான ஸ்பானிய வடிவம் தமிழின் 'போய்' போலவே ஒலிப்பது தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க வசதியானது. கொண்டுவருவதும் இப்படியே: மயூர் விஹாரில் உள்ள நண்பரிடம் தொலைபேசியில் 'உங்கள் வீட்டுக்கு அடை கொண்டுவருகிறேன்' என்று சொல்ல 'த்ராஎர்' உதவாது, 'யெபார்'தான் வேண்டும்.

அறிகுறி: "எஸ்தோய் தெனியெந்தோ தோஸ் எர்மானோஸ்"

இரண்டு சகோதரர்கள் உள்ளனர் என்பதை 'ஐ ஆம் ஹேவிங்' என்று சொல்லும் நம் நாட்டு ஆங்கிலத்தின் நேர்வாரிசு இது. 'தெங்கோ தோஸ் எர்மானோஸ்' என்பதே சரி. 'நாளை ஜெய்ப்பூர் போகிறேன்' என்பதற்குத் தமிழில் போலவே வெறும் நிகழ்காலம் போதும்: 'மன்யானா போய் ஆ ஜெய்ப்பூர்'. ஐந்து வருடமாக டெல்லியில் இருக்கிறேன் என்பதற்கு ஆங்கிலம் 'ஹேவ் பீன்' என்று சுற்றிப் போகும்; ஸ்பானியம் நம்மைப்போல் நிகழ்காலத்திலேயே 'யேபோ ஸின்கோ ஆன்யோஸ் என் டெல்லி' என்று முடித்துவிடும்.

அறிகுறி: இறந்தகாலம் இரண்டில் எதைப் போடுவது என்று ஒவ்வொரு முறையும் தடுமாற்றம்

சிறுவயதில் தினமும் கோயிலுக்குப் போவேன் என்று சொல்லும்போது, நடந்து முடிந்த வழக்கத்தை நாம் எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். தமிழில் இந்த 'போவேன்' இயல்பாக வரும் இடமெல்லாம் ஸ்பானியத்தில் 'ஈபா' என்ற தொடர் இறந்தகாலம். 'நேற்று மலை மந்திருக்குப் போனேன்' என்று ஒருமுறை நடந்ததற்கு 'ஃபூய்'. அறிதல் வினையிலும் இதே கோடு: அப்போதே தெரியும் என்றால் 'சபீயா', நேற்றுதான் தெரிந்தது என்றால் 'சூபே'. 'நோ கீஸோ பெனீர்' என்பதை 'வர விரும்பவில்லை' என்று மென்மையாகப் புரிந்துகொள்ளக் கூடாது. வர மாட்டேன் என்று மறுத்துவிட்டார் என்பதே அதன் பொருள்.

அறிகுறி: "கியேரோ தூ பெனீர்"

நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன் என்பதில் விரும்புபவர் ஒருவர், வருபவர் வேறொருவர். நாம் இடையில் 'என்று' வைப்பதுபோல் அவர்கள் 'கே' வைத்து, வினையையும் வேறு உருவுக்கு மாற்றி, 'கியேரோ கே பெங்காஸ்' என்கிறார்கள். விரும்புபவரே போகிறவரானால் 'கியேரோ ஈர்' போதும். 'சொல்' வினையில் இந்த உருமாற்றத்தின் பயன் கூர்மையாகத் தெரியும். அவர் வருகிறார் என்று சொல் என்பது 'தீலே கே பியெனே'. அவரை வரச் சொல் என்பது 'தீலே கே பெங்கா'. தமிழில் 'வருகிறார் என்று', 'வர' என்ற இரண்டையும் நீங்கள் குழப்புவதே இல்லை.

அறிகுறி: சொல் ஆங்கிலம் போலவே இருக்கிறது, பொருள் மட்டும் எங்கோ போகிறது

'அஸிஸ்தீர்' உதவுவதன்று, கூட்டத்துக்கு வருவது. வாடிக்கையாளரைக் கவனிப்பது 'அதெந்தேர்'. 'ஸொபோர்தார்' பொறுத்துக்கொள்வது, ஆதரிப்பதற்கு 'அபொயார்'. 'கிதார்' அகற்றுவது, வேலையை விடுவதற்கு 'தெஹார்'. 'ரெகொர்தார்' நினைவுகூர்வது, ஒலிப்பதிவுக்கு 'க்ரபார்'. 'ப்ரெதெந்தேர்' முயல எண்ணுவது, நடிப்பதற்கு 'ஃபின்ஹீர்'. அலுவலக மின்னஞ்சலில் 'எங்கள் குழு உங்களை ஆதரிக்கும்' என்று எழுத நினைத்து 'ஸொபோர்தார்' போட்டால், உங்களைச் சகித்துக்கொள்கிறோம் என்று போய்ச் சேரும்.

அறிகுறி: மாட்ரிட்காரரிடம் கற்ற "கொஹேர் எல் மேத்ரோ" மெக்சிகோ அழைப்பில் சங்கடம் உண்டாக்கியது

'டேக்' என்பதற்கு ஸ்பெயினில் நாள்தோறும் வழங்கும் 'கொஹேர்', மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கொச்சையான பாலுறவுச் சொல். ராஜீவ் சௌக்கில் மெட்ரோ ஏறுவதைச் சொல்ல 'தோமோ எல் மேத்ரோ' என்பது எந்த நாட்டிலும் குற்றமற்றது. மருந்து எடுத்துக்கொள்வதற்கும் காபி குடிப்பதற்கும்கூட அதே 'தொமார்'தான். இருபது நிமிடம் ஆகும் என்பதற்கு 'ஸே தார்தா பெயின்தே மினூதோஸ்'. படம் எடுப்பதற்கு 'சகார்'. ஒருவரை ஓரிடத்துக்கு அழைத்துப் போவதற்கு 'யெபார்'. 'கொஹேர்' என்பதைக் கேட்டால் புரிந்துகொள்ளுங்கள். பேசுபவர் எந்த நாட்டவர் என்று உறுதியாகத் தெரியும்வரை நீங்கள் சொல்ல வேண்டாம்.